வாசகர் கேள்வி: சிங்கம் உலவும் காட்டில் எருமைப் பட்டி

கேள்வி: சென்ற மாதம் எங்கள் பட்டிக்குள் சிறுத்தை குதித்து இரண்டு வெள்ளாடுகளைக் கொன்றுவிட்டது. குஜராத்தின் கிர் காட்டில் கால்நடை மேய்ப்பவர்கள் சிங்கங்களுக்கு நடுவிலேயே வாழ்கிறார்களாமே, அது எப்படி?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: வாழ்கிறார்கள், ஆனால் இழப்பே இல்லாமல் அல்ல. மால்தாரிகள் எனப்படும் அம்மக்கள், ‘நெஸ்’ என்னும் சிறு குடியிருப்பைச் சுற்றி முள்வேலி அடைத்து, பகலெல்லாம் காட்டில் மேய்த்த எருமைகளைப் பொழுது சாய்வதற்குள் உள்ளே ஓட்டிவிடுகிறார்கள். எருமைகள் சிதறி ஓடாமல் கூடி நின்று கொம்பை நீட்டும் இயல்புள்ளவை என்பதும், சிங்கம் கொன்ற கால்நடைக்கு அரசு இழப்பீடு தருவதும் துணை நிற்கின்றன. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆசியச் சிங்கங்கள் 891. சிங்கங்களைக் காப்பதற்காகவே 1970களில் பல மால்தாரிக் குடும்பங்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன என்பதை, இந்தக் கூட்டு வாழ்வைப் புகழ்ந்து பேசுவோர் ஏனோ சொல்வதில்லை.

தங்கள் சிக்கல் வேறு. சிங்கத்தைத் தடுக்கும் வேலி, மரமேறும் சிறுத்தைக்கு வெறும் படிக்கட்டு. ஆகவே பட்டியின் மேற்புறத்தையும் கம்பிவலையால் மூடி, படலுக்குக் கீழே இடுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி அப்படி நேர்ந்தால், செத்த ஆட்டைப் புதைப்பதற்கு முன்பே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். உடலைப் பார்க்காமல் இழப்பீடு கேட்பது கடினம்.