குளத்தடியில் பெர்மிட் காணி வாங்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். பத்து வருடமாக வாடகை வீடு. கிளிநொச்சிக் குளத்துக்குக் கிட்ட கால் ஏக்கர், பழைய கல்வீட்டோடு, 40 இலட்சத்துக்கு வருகிறது. பெர்மிட் காணி. உரிமையாளர் வயதானவர், கனடாவில் மகனோடு போய் இருக்கப் போகிறார். "அற்றோனித் தத்துவம் எழுதித் தாறன், முத்திரைக் காசும் மிச்சம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: ரீச்சர், இந்த முறையில் வாங்காதேங்கோ.

பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்றினால் செல்லாது. அற்றோனித் தத்துவம் என்பது அவருக்காக நீங்கள் அலுவல் பார்க்கும் அதிகாரம் மட்டும்தான். காணி அவருடையதாகவே இருக்கும். நாளைக்கு மனம் மாறினால் அவர் அதை ரத்துச் செய்யலாம். அவர் கண்ணை மூடினால் அற்றோனியும் அன்றோடு முடிந்தது. பிறகு காணி அவருடைய மனைவிக்கோ, பெர்மிட்டில் பெயர் எழுதிய பின்னுரித்தாளருக்கோ போகும். நீங்கள் திருத்திக் கட்டிய வீட்டின் வாசலில் அவர்கள் வந்து நின்றால் காட்ட உங்களிடம் என்ன இருக்கும்? வன்னியில் இப்படிக் காசைக் கொடுத்துவிட்டு கச்சேரிக்கும் கோட்டுக்கும் அலைகிற குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

முத்திரைக் காசு மிச்சம் என்ற கதையையும் பார்ப்போம். உறுதிக் காணி, அதாவது தனியாருக்கு உறுதியோடு சொந்தமான காணி என்றால், முத்திரைக் காசு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 40 இலட்சத்துக்கு 1,59,000 ரூபா. அதை மிச்சம் பிடிக்கப் போய் 40 இலட்சத்தையும் விடுவதா?

அந்த இடத்தில்தான் மனம் நிற்கிறது என்றால், பெரியவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கோ. பெர்மிட் உயிரோடு இருக்கிறதா, பின்னுரித்தாளர் யார், கைமாற்றச் சம்மதம் கிடைக்குமா என்று கேளுங்கோ. சம்மதம் கடிதமாகக் கைக்கு வரும்வரை முற்பணம் ஒரு சதமும் வேண்டாம்.

உறுதிக் காணி தேடினால் காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளை நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பியுங்கோ. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, காணியில் பங்கு உள்ள மற்றவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவித்ததா என்பதும் முக்கியம்.

குளத்தடி என்பதால் இன்னுமொன்று. பின்வளவு குளத்து ஒதுக்குக்குள், அதாவது குளத்தைச் சுற்றி அரசு ஒதுக்கிய நிலத்துக்குள் வருகிறதா என்று நில அளவையாளரை வைத்து அளப்பியுங்கோ. வயலை மண் போட்டு நிரவிய காணியென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இருக்கவேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது இந்த வளவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விற்கிறவரிடம் கேட்காதேங்கோ. பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கேளுங்கோ, எந்தப் படிவரை ஏறியது என்று கையால் தொட்டுக் காட்டுவா.