கைபேசிப் பாட்டுச் செயலி காரின் திரையில் ஏன் சுருங்கித் தெரிகிறது?

கைபேசியில் எல்லா வசதிகளோடும் இருக்கும் பாட்டுச் செயலி, காரின் திரையில் மட்டும் சில பொத்தான்களோடு தெரிவது ஏன் என்றும், பாட்டுக்கான இணையம் யாருடையது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கைபேசியைக் காரின் திரையோடு இணைக்கும் வசதிகளான ஆப்பிள் கார்ப்ளே 2014-லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் புழக்கத்துக்கு வந்தன. இரண்டிலும் செயலி இயங்குவது கைபேசியில்தான். காரின் திரை அது அனுப்பும் காட்சியைக் காட்டி, உங்கள் தொடுதலைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே இணையச் செலவும் கைபேசியின் கணக்கிலேயே சேரும்: நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 72 மெகாபைட், 320 கிலோபிட் என்றால் அதன் இரு மடங்கு.

வசதிகள் குறைவதற்குக் காரணம் பாதுகாப்பு. பாட்டுச் செயலி தன் பட்டியல்களையும் பாடல் விவரங்களையும் மட்டும் கொடுக்க, அவற்றை எந்த அமைப்பில் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் கார்ப்ளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோதான் தீர்மானிக்கிறது. வண்டி ஓடும்போது தட்டச்சு செய்வதும் நீண்ட பட்டியலை உருட்டிக்கொண்டே போவதும் பல கார்களில் தடுக்கப்படும். எரிச்சலூட்டினாலும் இது நியாயமான கட்டுப்பாடு என்பதே என் கருத்து. வேண்டிய பாடலைக் குரலால் கேட்டுப் பெறலாமே.

கம்பியில்லா இணைப்பில் புளூடூத், கைபேசியும் காரும் முதலில் ஒன்றையொன்று கண்டு இணைவதற்குத்தான். பாடல் வைஃபை வழியே போகிறது. அதனால் ஒலி சாதாரண புளூடூத்தைவிடத் தெளிவாக இருக்கக்கூடும், ஆனால் கைபேசி சூடாகி மின்கலமும் விரைவில் தீரும். நீண்ட பயணத்துக்கு யூஎஸ்பி கம்பியே மேல். சிக்னல் கிடைக்காத சாலை என்றால், பாடல்களை முன்கூட்டியே கைபேசியில் பதிவிறக்கி வைத்துவிடுங்கள். காரின் திரையிலிருந்தே அவற்றை ஒலிக்கச் செய்யலாம்.