கொல்லன் உளியைத் திருப்பிக் கேட்டால்

வணக்கம் சார்,

கட்டற்ற மென்பொருள் (கோடை யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடியது) செய்கிறவர்கள் கோடை மூடிவைத்த பூட்டிய கருவியை நம்பி உட்காரக் கூடாது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் புரோகிராமராக இருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய எடிட்டர், அதற்குள்ளேயே கோட் எழுதித் தரும் ஏஐ, எல்லாவற்றையும் போட்டுவைக்க கிட்ஹப் என்ற இணையதளம். வேலை முடிகிறது. தச்சர் உளியின் அரசியலைப் பார்த்தா வாங்குகிறார்? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் போன்றவர்கள் இதை ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்படி இல்லை, எது நன்றாக வேலை செய்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறவர். அதனால்தான் லினக்ஸ் ஜெயித்தது. நாங்கள் நாலு பேர் நான்கு வருடமாக ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் நடத்துகிறோம், அதுவும் கிட்ஹப்பில்தான் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி அதை இடம் மாற்ற வேண்டுமா?

கா., ஓசூர்

அன்புள்ள கா.,

மதம் என்று சொன்னதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். மேடையில் லினக்ஸ் பற்றிப் பேசிவிட்டுக் கீழே இறங்கி என் போனை எடுத்தபோது அது எந்தக் கம்பெனி போன் என்று பார்த்து முகம் சுளித்த ஆட்கள் உண்டு. அந்தக் கோஷ்டியில் எனக்கு எப்போதும் இடம் கிடைத்ததில்லை. ஆனால் நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிற ஆள் லினஸ். அங்கேதான் உங்கள் வழக்கு சிக்கலாகிறது, ஏனென்றால் இதே விஷயத்தில் சூடு பட்டவர் அவர்தான்.

லினக்ஸ் தொடங்கிய 1991-இலிருந்து பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கிற வெர்ஷன் கன்ட்ரோல் என்று ஒன்றும் கிடையாது. உலகமெங்கும் இருந்து பேட்ச்சுகள், அதாவது கோடுக்கான திருத்தங்கள், மின்னஞ்சலில் வரும், லினஸ் பார்த்துச் சேர்ப்பார், சில சமயம் பார்க்காமலே போய்விடும், அனுப்பியவர் மறுபடி அனுப்புவார், மறுபடியும் அனுப்புவார். ஒரு மனிதரால் தாங்க முடியாத வேலை. 2002 பிப்ரவரியில் அவர் பிட்கீப்பர் என்ற வெர்ஷன் கன்ட்ரோல் கருவிக்கு மாறினார். லேரி மெக்வாய் என்பவருடைய பிட்மூவர் கம்பெனியின் தயாரிப்பு அது. காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள்தான், ஆனால் ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு இலவசமாக ஒரு பதிப்பு கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையோடு: இதைப் பயன்படுத்துகிற ஆள் இதற்குப் போட்டியான இன்னொரு கருவியில் வேலை செய்யக் கூடாது. கொல்லன் உளியைச் சும்மா கொடுத்துவிட்டு, நீ பட்டறை பக்கம் போகாதே என்று சொன்னது மாதிரி.

ஸ்டால்மன் கத்தினார். ஆலன் காக்ஸ் போன்ற பெரிய கெர்னல் ஆட்களே அதைத் தொட மறுத்தார்கள். லினஸ் நீங்கள் சொல்வதைத்தான் சொன்னார், இதுதான் இருப்பதில் நல்ல கருவி, வேலை நடக்கிறது, அப்புறம் என்ன. நியாயமாகச் சொன்னால் வேலை நடக்கத்தான் செய்தது. பேட்ச்சுகள் முன்னைவிட வேகமாக உள்ளே போயின. நான் மெக்வாயை வில்லனாக்க மாட்டேன். நல்ல கருவி செய்தார், அதை விற்றுப் பிழைக்கப் பார்த்தார், அதில் என்ன தப்பு.

மூன்று வருடம் ஓடியது. ஆண்ட்ரூ டிரிஜெல் என்று ஒருவர், ஆஸ்திரேலியாவில் கான்பராக்காரர், சாம்பா, ஆர்சிங்க் என்ற கட்டற்ற மென்பொருள்களை எழுதியவர், பிட்கீப்பர் சர்வர் என்ன மொழி பேசுகிறது என்று பார்க்கத் தொடங்கினார். பிட்கீப்பரை வைத்துக்கொள்ளாத ஆளும் கெர்னல் வரலாற்றை முழு விவரத்தோடு எடுத்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அவர் அந்த மென்பொருளைத் தொடவே இல்லை, அதனால் லைசன்ஸ் நிபந்தனை அவரைக் கட்டாது. மெக்வாய்க்குக் கோபம் வந்தது, 2005 ஏப்ரலில் இலவசப் பதிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தார். இதில் வேடிக்கை, லினஸும் டிரிஜெலும் அப்போது ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், லினஸ் வெளிப்படையாகத் திட்டியது டிரிஜெலைத்தான்.

அதே மாதம் கான்பராவில் லினக்ஸ் மாநாடு. இந்தப் பெரிய மந்திரத்தை எப்படி உடைத்தேன் என்று டிரிஜெல் மேடையில் செய்துகாட்டினார். டெல்நெட் என்ற பழைய, எளிய இணைப்புக் கருவியில் ஒரு பிட்கீப்பர் சர்வரோடு இணைந்தார். அடுத்து என்ன அடிக்கலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். ‘ஹெல்ப்’ என்று கத்தினார்கள். அடித்தார். சர்வர் தனக்குத் தெரிந்த கட்டளைகளை எல்லாம் ஒழுங்காகப் பட்டியல் போட்டுக் காட்டியது. அதில் ‘க்ளோன்’ என்று ஒன்று இருந்தது, எல்லாவற்றையும் நகலெடுத்துத் தருகிற கட்டளை. அடுத்து என்ன அடிப்பது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உலகத்தின் முக்கியமான மென்பொருள் ஒன்றை நிர்க்கதியாக நிறுத்திய திருட்டு இவ்வளவுதான், வாசலில் நின்று உள்ளே யார் என்று கேட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், அதில் பிறந்த ‘கிட்’ என்ற கட்டளையைத்தான் தினமும் பத்து முறை அடிக்கிறீர்கள். பிட்கீப்பருக்குப் பதிலாக லினஸ் ஏப்ரல் 3-ஆம் தேதி கிட் எழுத ஆரம்பித்தார், 7-ஆம் தேதி கிட்டின் கோடே கிட்டுக்குள் இருந்தது. அதே மாதம் மேட் மேக்கல் மெர்க்குரியல் என்ற இன்னொரு வெர்ஷன் கன்ட்ரோல் கருவியை அறிவித்தார், அதுவும் இதே நெருக்கடியில் பிறந்த பிள்ளை. ஸ்டால்மன் மெக்வாய்க்கு நன்றி சொல்லி ஒரு குத்தல் கட்டுரை எழுதினார். பிட்கீப்பர் 2016-இல் தானே ஓப்பன் சோர்ஸ் ஆனது, ஆனால் அதற்குள் கடைத்தெருவே வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது.

இதில் என் மனதில் நிற்கிற இடம் ஒன்று உண்டு. உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். கெர்னலின் கோடும் வரலாறும் இருக்கிற ரெப்போவை இறக்கி, ரொம்பப் பழைய கோப்பு ஏதாவது ஒன்றில் ஒரு பழைய வரியைப் பிடித்து, இதை யார் எப்போது எழுதினார்கள் என்று கிட் பிளேம் போட்டுக் கேளுங்கள். 2005 ஏப்ரல் 16-ஆம் தேதியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு லினஸ் போட்ட முதல் கமிட், அதாவது முதல் பதிவு, அது. ‘முழு வரலாற்றையும் கொண்டுவர நான் மெனக்கெடவில்லை, இருக்கிறது, ஆனால் 3.2 ஜிபி வரும், வேண்டுமானால் பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம்’ என்கிற தொனியில் அதில் லினஸின் குறிப்பு இருக்கும். பிறகு அந்தப் பழைய வரலாற்றைத் தனி ரெப்போவாக ஆக்கியும் வைத்தார்கள், எதுவும் தொலைந்துபோகவில்லை. இருந்தாலும் 1991-இல் தொடங்கிய ஒரு காரியத்தின் பிரதான ரெப்போவில், 2005-க்கு முன்னால் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரே நாளில் ஒரே ஆள் எழுதியது போல் நிற்கிறது. இருபது வருடம் ஆகிவிட்டது, அந்தத் தையல் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்தத் தையல் என் வீட்டிலும் உண்டு. 1999-இல் நண்பர்களோடு ஒரு சிற்றிதழ் நடத்தினேன், பதினோரு இதழ் வந்தது. பக்கம் கட்டியது காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளில். கணினிக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிள் செருகினால்தான் திறக்கும். அந்தக் கம்பெனி மூடிவிட்டது, டாங்கிள் இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது, செருகுவதற்குத்தான் போர்ட் இல்லை. பக்கக் கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. மூன்று இதழ்களுக்கு மட்டும் வெறும் எழுத்தாக ஒரு பிரதி இருந்தது, அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. அம்மா என்று அடித்த இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். எழுத்துகளுக்கு உலகப் பொதுக் குறியான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியாக்கம். அதைக் காப்பாற்றித் தந்தது யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி வெளியே வைத்த மாற்றி, ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் இருந்தது. மற்ற இதழ்களை அச்சுப் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். இரண்டு இதழுக்கு அச்சுப் பிரதியும் யாரிடமும் இல்லை.

அதனால் உளி உவமை எனக்குப் பிடிக்கிறது, ஆனால் அது உங்கள் கட்சிக்கு உதவவில்லை. தச்சர் வாங்கிய உளி தச்சருடையது. நடு ராத்திரியில் கொல்லன் வந்து திருப்பிக் கேட்க முடியாது, கேட்டாலும் அந்த உளியால் செதுக்கிய கதவு திறக்காமல் போகாது. நான் கருவியிடம் கேட்பது அந்த ஒன்றைத்தான்: நாளைக்கு இதைக் கொடுத்தவருக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்தால் என்னிடம் என்ன மிஞ்சும்? உங்கள் எடிட்டர் நாளைக்கே நின்றுபோனாலும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, வேறு எடிட்டரில் திறக்கும். அதில் சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. ஏஐ-யும் ஏறக்குறைய அப்படித்தான், அது எழுதிய வரி உங்களிடம் இருக்கும், அது இல்லாமல் எழுதுகிற பழக்கம் இருக்குமா என்பது உங்கள் பாடு.

கிட்ஹப் கொஞ்சம் வேறு. கிட் கட்டற்றது, கிட்ஹப் அப்படி இல்லை. 2018-இலிருந்து மைக்ரோசாஃப்ட் சொத்து, 750 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரைமியா ஆட்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள், தனியார் ரெப்போக்களை அவர்களால் திறக்க முடியாமல் போனது. ஈரானுக்குத் திரும்பத் திறக்க அனுமதி வாங்கியது 2021 ஜனவரியில். டெஹ்ரானில் உட்கார்ந்து நூலகம் எழுதுகிற பையனிடம் போய்க் கருவிக்கு அரசியல் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன், கட்டற்றதாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. 2024 அக்டோபரில் அதே லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து பத்துப் பன்னிரண்டு ரஷ்யர்களின் பெயரை எடுத்தார்கள், சட்டக் கட்டாயம் என்று ஒரு வரி விளக்கத்தோடு. லினஸ் அதை ஆதரித்துக் காரசாரமாக எழுதினார். அவர்களுடைய பொறுப்பு போனது. எழுதிய கோடும் அதன் வரலாறும் அவர்கள் கணினியில் அப்படியே இருக்கிறது, அதை யாரும் பூட்ட முடியாது. வருடக்கணக்கில் உழைத்தவனுக்கு இது எந்த அளவு ஆறுதல் என்று கேட்டால், பெரிய ஆறுதல் இல்லை. எனக்கு அந்த விஷயம் இன்னும் ஜீரணமாகவில்லை.

சரி, உங்கள் புராஜெக்ட். இடம் மாற்ற வேண்டாம். ஆள் நடமாட்டம் அங்கேதான் இருக்கிறது, என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது. நாலு பேர் கணினியிலும் க்ளோன் இருப்பதால் கோடுக்கு ஆபத்தில்லை. ஆனால் நான்கு வருட இஷ்யூக்கள் (பிழைப் புகார்கள்), புல் ரிக்வஸ்ட் (கோடைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) விவாதங்கள், ஏன் இந்த வழியை விட்டு அந்த வழிக்குப் போனோம் என்று இரவு இரண்டு மணிக்கு நீங்கள் போட்ட சண்டை, இதெல்லாம் கிட்டுக்குள் இல்லை, அவர்கள் சர்வரில் மட்டும்தான் இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். அதற்கென்று நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது, முப்பது வரிகூட வராது, அழகாக எல்லாம் இல்லை. வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.