செப்பாங்கில் கொதிக்கும் முன்பக்க பிரேக்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் நான்காவது சுற்றிலேயே பிரேக் பெடல் பஞ்சாக அமுங்குகிறது. 1,300 கிலோ எடையுள்ள ஹாட்ச்பேக், பேட் புதிது. பம்பரிலிருந்து முன் பிரேக்குக்குக் காற்றுக் குழாய் போட்டால் சரியாகுமா?
– வாசகர், ஈசூன்

பெடல் அமுங்குகிறது என்றால் கொதித்திருப்பது பிரேக் ஆயில். திரவத்தை அமுக்க முடியாது, அதில் உண்டாகும் ஆவிக் குமிழியை அமுக்கலாம். உங்கள் கால் தள்ளுவது அந்தக் குமிழியைத்தான். பெடல் உறுதியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டைக் கவ்வும் உராய்வுத் தகடு) தன் வெப்ப வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆயிலை மாற்றாமல் குழாயில் தொடங்குவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் இரண்டு ஆண்டு பழைய ஆயிலோடு பந்தயத் தடத்துக்குப் போவது வேண்டாத வம்பு. 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பந்தய ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பழையது முழுவதும் வெளியேறும்வரை பிளீட் செய்யுங்கள். ஒவ்வொரு தடநாளுக்குப் பிறகும் முன் கேலிப்பர்களை (பேட்டை டிஸ்க்மேல் அழுத்தும் பகுதி) மட்டும் மறுபடி பிளீட் செய்தால் போதும். டாட் 5.1 ஊற்றலாம், வெறும் டாட் 5 சிலிக்கான் வகை, அதை உங்கள் காரில் ஊற்றக் கூடாது.

இனி காற்று. நேர்பாதை முடிவில் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது உங்கள் கார் ஏறத்தாழ 17 லட்சம் ஜூல் ஆற்றலைக் கொட்டுகிறது. அதில் 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்று வையுங்கள். 7 கிலோ டிஸ்க் ஒவ்வொன்றும் அந்த ஒரே அழுத்தில் சுமார் 170 டிகிரி ஏறும். செப்பாங்கில் பின் நேர்பாதை முடிந்ததும் 15-ஆம் வளைவில் ஒரு முறை, அதையடுத்த நேர்பாதை முடிந்ததும் முதல் வளைவில் இன்னொரு முறை. முதல் சூடு ஆறுமுன் இரண்டாவது ஏறுகிறது. குழாய் போடுவது இந்த இடைவெளியில் ஆற்றுவதற்காக.

காற்று போக வேண்டிய இடம் டிஸ்க்கின் நடு. இரு முகங்களுக்கு நடுவே காற்றறை உள்ள டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே எறிகிறது. குழாயை டிஸ்க்கின் உள்முகத்தைப் பார்த்து நீட்டிவிட்டால் அந்த முகம் மட்டும் குளிர்ந்து, வெளிமுகம் சூடாகவே இருந்து, டிஸ்க் கூம்பாக வளையும். பட்டறைகளில் நாம் அடிக்கடி பார்க்கும் பிழை இதுதான்.

டிஸ்க்கின் உள்பக்கத் தூசித் தகடான டஸ்ட் ஷீல்டைக் கழற்றி, அது இருந்த போல்ட் துளைகளிலேயே குழாய் வாயைத் தாங்கும் 2 மி.மீ. அலுமினியத் தகட்டைப் பொருத்துங்கள். தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். குழாய் வாய் சக்கர மையமான ஹப்புக்கும் காற்றறைகளின் உள்விளிம்புக்கும் நடுவே திறக்க வேண்டும். குழாயின் விட்டம் 76 மி.மீ., இடம் போதாவிட்டால் 63 மி.மீ. கம்பிச்சுருள் வைத்த, சிலிக்கான் பூசிய கண்ணாடியிழைக் குழாயே வாங்குங்கள். துணி உலர்த்தியின் அலுமினியக் குழாய் டயர் ஒரு முறை உரசினாலே கிழிந்துவிடும். சக்கரப் பக்கம் பிளாஸ்டிக் கட்டு உருகும், எஃகுக் கிளாம்ப் போடுங்கள். நுழைவாய் பம்பரின் முகத்தில், பனிவிளக்கு இருக்கும் இடம்போல் காற்று நேராக மோதும் இடத்தில் இருக்கட்டும். வெட்டுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

பொருத்தியபின் ஸ்டியரிங்கை இரு கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஒரு முறை, கார் தரையில் நிற்கும்போது ஒரு முறை. ஏபிஎஸ் சென்சார் வயரை குழாய் இழுக்கக் கூடாது.

பலன் தெரிய டிஸ்க் விளிம்பில் வெப்பப் பெயின்ட் பூசுங்கள். பரவலாகக் கிடைக்கும் வகையில் பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். பச்சையும் ஆரஞ்சும் மாறி சிவப்பு அப்படியே இருந்தால், நல்ல தட பேட்டுக்கு அது தாங்கும் சூடு. மூன்றும் மாறினால் காற்று போதவில்லை, அல்லது டிஸ்க் சிறியது.

டஸ்ட் ஷீல்டை மட்டும் கழற்றிவிட்டால் போதாதா? செலவில்லாத வழியாயிற்றே.
– வாசகி, தெம்பனிஸ்

கொஞ்சம் உதவும். ஆனால் அந்தத் தகடு சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயின்ட்டின் ரப்பரை டிஸ்க்கின் கதிர்வீச்சுச் சூட்டிலிருந்து காக்கிறது. கழற்றினால் ரப்பர் வெந்து வெடிக்கும், கிரீஸ் வழியும். குறைந்த செலவுக்கு இன்னொரு வழி உண்டு: சக்கரத்தைத் தாங்கும் கீழ் கட்டுப்பாட்டுக் கையில் பொருத்தும் பிளாஸ்டிக் காற்றுத் திருப்பி. போர்ஷே ஜிடி3-இன் திருப்பியை வேறு கார்களில் மாட்டுகிறவர்கள் நிறைய. குழாய்க்கு ஈடாகாது, ஆனால் அரை நாள் ஓட்டுகிறவருக்குப் போதும்.

கூடவே பேட்டின் தடிமனையும் பாருங்கள். பாதிக்குக் கீழே தேய்ந்த பேட் சூட்டை நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும். சாலையில் ஓட்ட அது இன்னும் நல்ல பேட்தான். தடத்துக்கு அதன் ஆயுள் முடிந்தது.

துளையிட்ட டிஸ்க் நன்றாகக் குளிருமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பார்க்க அழகு. தடத்தில் துளையைச் சுற்றி விரிசல் விழும், அந்த விரிசல் விளிம்பைத் தொட்டால் டிஸ்க் குப்பைக்கு. கீறல் வெட்டிய டிஸ்க் அல்லது வெறும் டிஸ்க் வாங்குங்கள். வளைந்த காற்றறை கொண்டதானால் இடம், வலம் வேறு வேறு: வளைவு சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று இழுப்பது குறைந்துவிடும்.

குழாய் போட்ட காரைத் தினமும் வேலைக்கு ஓட்டலாமா?
– வாசகர், பொங்கோல்

ஓட்டலாம், நுழைவாயை மூடியபடி. நம் ஊர் மழையில் திறந்த குழாய் தண்ணீரையும் மணலையும் சூடான டிஸ்க்மேல் கொட்டும். ஊருக்குள் ஓட்டும் வேகத்துக்கு அந்தக் காற்று தேவையும் இல்லை. தட பேட் போட்டிருந்தால் அது சூடேறாமல் காலையில் முதல் சிக்னலிலேயே கடிக்க மறுக்கும். ரப்பர் மூடியோ, நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் தகடோ செய்து வையுங்கள். செப்பாங் போய்ச் சேர்ந்தபின் கழற்றினால் போதும். மதியம் மழை பிடித்தால் அங்கேயும் பாதி மூடுங்கள்.

தடத்திலிருந்து வெளியேறுமுன் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.