படை அனுப்பும் முடிவும் உள்நாட்டு அரசியலும்: மதுரை நண்பர்களின் கேள்விகள்

வெளிநாட்டில் இருக்கும் பயங்கரவாதக் குழுக்கள் மீது படை அனுப்புவதை ஒரு நாட்டின் உள்நாட்டு அரசியல் எப்படி முடிவு செய்கிறது? மதுரை வட்டார நண்பர்கள் கேட்டவற்றுக்கு, கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மேலூர்: ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு ஈராக்கின் மோசூல் நகரைப் பிடித்தது 2014 ஜூனில். அமெரிக்கா குண்டு போட்டது ஆகஸ்டில். ஏன் சார் அந்தத் தயக்கம்?

ஈராக் போரை முடிப்பேன் என்று சொல்லி ஜெயித்தவர் ஒபாமா. 2011 டிசம்பரில் படைகளைத் திரும்பப் பெற்றார். மறுபடி அதே மண்ணுக்குப் போக அவருக்கு மனமில்லை. பாக்தாத்தில் ஈராக் பிரதமர் மாலிக்கியின் ஆட்சி மாறட்டும் என்ற கணக்கும் கூடவே இருந்தது. அதனால் ஆகஸ்ட் 8-ல் தொடங்கியபோது, வட ஈராக்கின் எர்பில் நகரில் உள்ள அமெரிக்கர்களையும் சிஞ்சார் மலையில் சிக்கிய யாசிதி சிறுபான்மை மக்களையும் காக்க என்று காரணத்தைச் சுருக்கியே சொன்னார். அப்புறம் அமெரிக்கப் பத்திரிகையாளர்களைக் கொன்ற வீடியோக்கள் வந்தன, மக்கள் மனநிலை மாறியது. செப்டம்பர் 10 உரையில் தாக்குதலைச் சிரியாவுக்கும் விரித்தார். தரைப்படை சண்டைக்குப் போகாது என்றும் அதே உரையில் உறுதி கொடுத்தார். எதிரிக்கு அது வசதியான தகவல்தான். ஆனாலும் உள்ளூர் வாக்காளருக்காக அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்தல். போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டு, போர் கெட்டால் பழி. எதிர்த்துப் போட்டு, ஊருக்குள் குண்டு வெடித்தாலும் பழி. உறுப்பினர்கள் ஓட்டெடுப்பையே தவிர்த்தார்கள். 2015 பிப்ரவரியில் ஒபாமா அனுப்பிய அனுமதித் தீர்மான வரைவும் ஓட்டுக்கு வராமலே கிடந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்காகப் படையைப் பயன்படுத்த அனுமதித்து 2001-ல் போட்ட சட்டத்தை வைத்தே இந்தப் போரும் நடந்தது. பிரதிநிதிகள் சபையில் அந்தச் சட்டத்துக்கு 420 பேர் ஆதரவு, எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவரே. முடிவில்லாத போருக்கு வழி திறக்காதீர்கள் என்று அன்றே எச்சரித்தார். அவர் பயந்ததுதான் நடந்தது.

திருமங்கலம், மாணவி: பிரிட்டனில் நாடாளுமன்றம் ஓட்டுப் போடுகிறதே, அது நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் ஓட்டின் எல்லையே போரின் எல்லையாகிவிடுகிறது. 2014 செப்டம்பரில் ஈராக்கில் தாக்க 524-43 என்று சபை ஒப்புக்கொண்டது, சிரியாவுக்கு அனுமதி இல்லை. பாரிஸில் ஐ.எஸ். நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, 2015 டிசம்பர் 2-ல் 397-223 என்று அதுவும் கிடைத்தது. சில மணி நேரத்தில் சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் தளத்திலிருந்து விமானங்கள் கிளம்பிவிட்டன.

உசிலம்பட்டி: ஓட்டுக்காகவே அடிக்கிறார்களா?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது, தம்பி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மன்மோகன் சிங் அரசு படை நடவடிக்கை எடுக்கவில்லை, 2009-ல் ஜெயித்தது. 2019-ல் புல்வாமாவுக்குப் பிறகு பாலாகோட்டைத் தாக்கிய மோடி அரசும் ஜெயித்தது. அதே தேர்தலில், சித்திரைத் தேரோட்ட நாளில் இரவு எட்டு மணி வரை ஓட்டுப் போட்ட நம் மதுரை, மார்க்சிஸ்ட் கட்சியின் சு. வெங்கடேசனைத் தேர்ந்தெடுத்தது. ஸ்பெயினில் 2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்புக்கு, பாஸ்க் தனிநாடு கேட்ட ஏட்டா அமைப்புதான் காரணம் என்று அரசு பிடிவாதமாகச் சொன்னது. செய்தது இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்று தெரியவர, மூன்றே நாளில் தேர்தலில் தோற்றது. புதிய அரசு ஈராக்கிலிருந்து படையைத் திரும்பப் பெற்றது.

சோழவந்தான்: இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படை விஷயத்தில் என்ன நடந்தது, ஐயா?

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் புலிகளோடு போர். புலிகளை இந்தியா தடை செய்தது 1992-ல்தான். அமைதி காக்கப் போன படை, தமிழர் பகுதியிலேயே சண்டை போட்டது தமிழகத்தில் பெரும் கோபத்தைக் கிளப்பியது. இலங்கையில் அதிபர் பிரேமதாசாவும் வெளியேறச் சொன்னார். டெல்லியில் வி.பி. சிங் வந்ததும் முடிவு வேகமானது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. சுமார் 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். படை அனுப்ப நாடாளுமன்ற ஓட்டு வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் இல்லை. ஜெர்மனியில் அது கட்டாயம். இங்கேயும் வேண்டும் என்பதே என் கருத்து. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய வீட்டுக்குக் காரணம் தெரிய வேண்டாமா?

அலங்காநல்லூர்: விமானத்திலிருந்து மட்டும் அடித்து ஜெயிக்க முடியுமா?

முடியாது. தரையில் வேறு யாரோ சாக வேண்டியிருக்கிறது. மோசூலை மீட்க 2016 அக்டோபரிலிருந்து 2017 ஜூலை வரை ஈராக்கியப் படை தெருத்தெருவாகச் சண்டை போட்டது. சிரியாவில் குர்துகள் தலைமையிலான படை அந்தச் சுமையை ஏற்றது. 2019 அக்டோபரில், முடிவில்லாத போர்களை முடிப்பதாகச் சொல்லி வந்த டிரம்ப், சிரியா-துருக்கி எல்லையிலிருந்து அமெரிக்க வீரர்களை விலக்கினார். சில நாளில் துருக்கிப் படை அந்தக் குர்துகள் மீதே பாய்ந்தது.