பழைய கே-22 டார்கெட் ரிவால்வரின் சேகரிப்பு மதிப்பை எப்படிக் கணிப்பது?

அமெரிக்காவில் வசிக்கும் உங்களுக்கு, மனைவியின் தாத்தா வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெசன் கே-22 ரிவால்வர் (.22 ரகத் தோட்டாவைச் சுடும், குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கு ஏற்ற கைத்துப்பாக்கி) வந்து சேர்ந்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதற்கு என்ன விலை தருவார்கள் என்றும், விற்பதற்கு முன் மெருகேற்றி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து மெருகேற்றாதீர்கள். உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மேலாகத் துடைத்து வைத்தால் போதும். இந்த வகை ரிவால்வர்களை நீண்ட காலமாகச் சேகரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் மெருகேற்றலே மதிப்பை வேறெதையும்விட அதிகமாகக் குறைக்கிறது.

சேகரிப்பாளர் பணம் கொடுப்பது, ஸ்மித் அண்ட் வெசனின் ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நிலையிலேயே ஒரு ரிவால்வர் இன்றும் இருக்கிறது என்பதற்காகத்தான். டார்கெட் ரிவால்வர்களில் இது எளிதில் கிடைப்பதில்லை. அவற்றை வாங்கியவர்களில் பலர் போட்டிகளில் சுடுபவர்கள். ஓரிரு புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் கைப்பிடியை மாற்றுவார்கள், குழல் முனையில் குறிபார்க்க உதவும் முன் குறியைத் தேய்ப்பார்கள், விசையின் (ட்ரிகர்) மேல் விரல் பதிய அகலமான தகட்டைத் திருகிப் பொருத்துவார்கள். அந்தத் தகட்டைப் பிற்பாடு கழற்றினாலும் அதன் சிறு திருகுகள் அழுந்திய தடம் விசையின் இரு பக்கங்களிலும் தங்கிவிடும். எனவே மாற்றம் எதுவும் செய்யப்படாமல் தப்பித்த ஒன்றுக்குத் தனி மதிப்பு உண்டு. மாற்றப்பட்டிருந்தாலும், கழற்றிய அசல் உறுப்புகள் வீட்டில் எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கின்றனவா என்று அவசியம் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, உங்களிடம் இருப்பது எந்தக் கே-22 என்பது. இந்த வரிசை 1931-இல் தொடங்கியது. அந்த முதல் வடிவத்தைச் சேகரிப்பாளர்கள் அவுட்டோர்ஸ்மேன் என்பார்கள். 1940-இல் நுணுக்கமாகத் திருகிச் சரிசெய்யக்கூடிய பின் குறியுடன் மாஸ்டர்பீஸ் வந்தது. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டதால் ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே தயாராகி நின்றுபோனது. போருக்குப் பின் வந்தவற்றின் வரிசை எண் கே என்ற எழுத்தில் தொடங்கும். 1957 முதல் மாடல் எண்கள் புகுந்தன. தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரை வெளியே திறந்தால் சட்டத்தின் (ரிவால்வரின் உடற்பகுதி) உட்பகுதியில் 17 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் இல்லாமல், கே எழுத்து மட்டும் இருந்தால் அது போருக்குப் பிந்தைய முதல் பத்தாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். திருகுகளையும் எண்ணுங்கள்: உள் இயக்கத்தை மூடும் பக்கத்தகட்டில் நான்கு, விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்புக்கு முன்னால் ஒன்று என்று ஐந்து இருந்தால் ஏறக்குறைய 1955-க்கு முற்பட்டது. கைப்பிடிப் பலகை ஒரு திருகை மறைத்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். 1940-இன் மாஸ்டர்பீஸாக இருந்தால் கதையே வேறு. அதைச் சாதாரண கே-22 விலையோடு ஒப்பிடவே கூடாது.

இனி மேற்பரப்பு. மதிப்பின் பெரும்பகுதி இங்கேதான் நிற்கிறது என்பது என் கருத்து. ஜன்னலோரத்து இயற்கை வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் உட்காருங்கள். குழலின் மேல் உள்ள எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, அல்லது ஒரு பக்கமாக மழுங்கித் தேய்ந்திருக்கிறதா? பக்கத்தகட்டின் திருகுத் துளையைச் சுற்றி உலோகம் சமமாக இருக்கிறதா, கிண்ணம்போல் லேசாகக் குழிந்திருக்கிறதா? மெருகேற்றும் சக்கரம் துளையின் ஓரத்தை இழுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தக் குழிவு வரும். நன்றாகப் பொருந்திய தகடு சட்டத்தோடு சேரும் கோடும் அப்போது கண்ணுக்கு எடுப்பாகத் தெரியத் தொடங்கும். சுத்தியலும் (சுடுவதற்குப் பின்னிழுக்கும் உறுப்பு) விசையும் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்த கடினப்படுத்திய நிறத்தில் இருக்க வேண்டும். அவையும் சட்டத்தைப் போலவே ஒரே கருநீலமாக இருந்தால் யாரோ பின்னாளில் பூச்சிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. தொழிற்சாலையே மறுபூச்சிட்டிருந்தால், கைப்பிடியின் அடியில் வரிசை எண்ணுக்கு அருகே நட்சத்திரக் குறியும், பலகைக்கு உள்ளே சட்டத்தில் வேலை நடந்த தேதியும் பெரும்பாலும் காணப்படும். இது வெளியாட்கள் செய்த வேலையைவிட மேலானதுதான், ஆனாலும் அசல் பூச்சுக்கு ஈடாகாது. உறையில் வைத்து எடுத்ததால் குழல் முனையில் பூச்சு தேய்ந்திருப்பதும், சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு விழுந்திருப்பதும் நேர்மையான தேய்மானம். மறுபூச்சால் பளபளக்கும் ஒன்றைவிட, அப்படித் தேய்ந்த அசலையே நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

இயக்கத்தைப் பொறுத்தவரை, சுத்தியலை மெதுவாகப் பின்னிழுக்கும்போது சிலிண்டரின் ஒவ்வொரு தோட்டா அறையும் முழுமையாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். .22 ரகத்தில் தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை அழுத்தி அழுத்தி அறை விளிம்புகளில் சுடும் ஊசி தட்டிய பள்ளம் விழுந்திருக்கலாம். குழலுக்குள் இருண்ட வளையம் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் புடைத்திருப்பதன் அறிகுறி.

எண்கள் ஒத்துப்போவதும் முக்கியம். போருக்கு முந்தையவற்றிலும் போருக்குப் பிந்தைய தொடக்க கால ரிவால்வர்களிலும் கைப்பிடியின் அடியில் உள்ள வரிசை எண்ணே குழலின் அடிப்பக்கத்திலும் சிலிண்டரிலும் வலது மரப்பலகையின் உட்புறத்திலும் இருக்கும். அசல் பெட்டியின் அடியிலும் அதே எண்ணைப் பென்சிலால் எழுதியிருந்தால் அந்த அட்டைப் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், அதற்கென்றே தனியாகப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளையிடம் கட்டணம் செலுத்தினால், ரிவால்வர் எந்தத் தேதியில், யாருக்கு, எந்த அமைப்பில் அனுப்பப்பட்டது என்று பதிவேடுகளைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். தாத்தா போட்டிகளில் சுட்டவர் என்றால் அவருடைய மதிப்பெண் அட்டைகளையும் பதக்கங்களையும் ரிவால்வரோடு சேர்த்தே வையுங்கள். தாளில் ஆதாரம் இல்லாத குடும்பக் கதைக்கு வாங்குபவர் விலை போட மாட்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகே விலையைத் தேட வேண்டும். விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, முடிந்த ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலைகளை, அதே வடிவமும் அதே நிலையும் கொண்டவற்றுக்கு மட்டும் சேகரியுங்கள். ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் கூடுதலாக வசூலிக்கும் கட்டணம் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். விற்பவர் கைக்கு அது வருவதில்லை. கடைக்காரர் தரும் தொகை இன்னும் குறைவாகவே இருக்கும், அவர் தன் லாபத்தை வைத்துத்தான் வாங்க முடியும். ஆகவே ஒற்றை எண்ணாக அல்லாமல், கீழ் வரம்பும் மேல் வரம்பும் கொண்ட ஒரு கணிப்பை வைத்துக்கொள்வதே சரி. வேறு மாநிலத்தவருக்கு விற்பதானால் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் கைமாற்ற வேண்டும். அதற்கான செலவையும் கணக்கில் சேருங்கள்.

வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிட்டு மீதியையும், திருகுகளின் எண்ணிக்கையையும், பக்கத்தகட்டையும் குழல் எழுத்துகளையும் அருகிலிருந்து எடுத்த படங்களையும் இங்கே சேர்த்தால், எந்த விலை வரம்பில் தேட வேண்டும் என்று இன்னும் குறுக்கிச் சொல்ல முடியும்.