கேம் கேளுங்கள்: கஜானா காலி, என்ன செய்வது?

கேள்வி: 'ரோம்: டோட்டல் வார்' என்ற கணினிப் போர் விளையாட்டில் ஜூலி என்ற ரோமானியக் குலத்தை எடுத்து மெடியோலானம் (இன்றைய மிலான்) நகரம் வரை பிடித்துவிட்டேன். போரில் தோற்கவே இல்லை. ஆனாலும் கஜானா மைனஸில் போகிறது. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, உங்கள் படை எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சண்டை போட்டாலும் சும்மா நின்றாலும் ஒவ்வொரு டர்னுக்கும் (ஆட்டச் சுற்றுக்கும்), அதாவது விளையாட்டின் கணக்கில் அரை வருடத்துக்கு ஒருமுறை, படைச் செலவு கழிந்துகொண்டே இருக்கும். உங்கள் தொடக்க ஊரான அர்ரேட்டியம் போல, எதிரியே வராத இடத்தில் நிற்கும் வீரர்கள்தான் உங்கள் பணத்தைத் தின்கிறார்கள். ஊருக்கு ஒழுங்கு காக்கும் அளவு வைத்துக்கொண்டு மற்றவர்களை எல்லைக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் கலைத்துவிடுங்கள். ஊருக்குள் வைத்துக் கலைத்தால் அவர்கள் மக்கள்தொகையில் சேர்ந்து வரி கட்டுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கூலிப்படையை வேலை முடிந்ததும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் துறைமுகம் கட்டுங்கள். கடல் வணிகம் தரும் பணத்துக்கு விவசாயம் ஈடாகாது. ஒரு தூதரை அனுப்பி, சந்திக்கும் நாடுகளிடம் எல்லாம் வணிக உரிமை கேளுங்கள், கேட்பதற்குச் செலவே இல்லை.

பிடித்த ஊரில் எல்லாரையும் கொன்றால் கையில் நிறைய பணம் வரும், சரி. ஆனால் வரி கட்ட ஆள் இருக்காது. சின்ன ஊர் என்றால் அப்படியே ஆக்கிரமியுங்கள். கலகம் செய்யும் பெரிய நகரத்துக்கு மட்டும்தான் நான் அந்தக் கொடிய வழியைச் சொல்வேன்.